இரவில், கடலின் மேல், சிறு விமானத்தில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு அல்லது ஆறு பேர் உட்காரக்கூடிய, பெரும்பாலும் ஒற்றை எஞ்சின் கொண்ட, சொந்தக்காரரே ஓட்டிச் செல்லும் விமானங்களைப் பற்றிய கேள்விகள் இவை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இப்படிப்பட்ட விமானங்கள் ஆயிரக்கணக்கில் பறக்கின்றன. அங்குள்ள பதிவான விபத்துகளே கீழே அதிகம் வருகின்றன. சில இடங்களில் பெரிய பயணிகள் விமானங்களும் வரும். அவற்றில் நடந்தது இந்த ஆபத்தின் அளவைப் புரியவைக்கும் என்பதால்தான்.

நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிடுவதுதானே இதில் பெரிய ஆபத்து?

எல்லோரும் முதலில் பயப்படுவது அதற்குத்தான். விமானிகளும் விலக்கல்ல. கரை விளக்குகள் பின்னால் மறைந்ததும் எஞ்சின் சத்தம் ஏதோ மாறிவிட்டதுபோல் கேட்கத் தொடங்கும் என்று அவர்களே தங்களைக் கிண்டல் செய்துகொள்வார்கள்.

பயம் நியாயமானதுதான். ஆனால் பறக்கத் தெரிந்தவர்களை இரவுக் கடலின் மேல் அதைவிடச் சத்தமில்லாமல் கொல்வது வேறொன்று. எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். இறக்கையில் பழுதில்லை, எரிபொருள் தீரவில்லை. விமானி தான் நேராகப் பறப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். விமானமோ சாய்ந்து, சுழன்று, கீழே போய்க்கொண்டிருக்கும். தொடுவானம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மனித உடம்புக்கு எது மேல், எது கீழ் என்று தெரியாது. இந்தப் பக்கத்திலுள்ள பாதிப் பதில்கள் இந்த ஒன்றைத்தான் சுற்றி வருகின்றன.

1999-இல் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் இறந்த விபத்து இப்படிப்பட்டதா?

ஆம். இந்த வகை விபத்துக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க அதிபரின் மகனான அவருக்கு அப்போது வயது 38. 1999 ஜூலை 16 இரவு 8.38-க்கு நியூ ஜெர்சியின் எசெக்ஸ் கவுன்டி விமான நிலையத்திலிருந்து தன் பைப்பர் சரடோகா விமானத்தில் கிளம்பினார். உடன் மனைவி கரோலினும் கரோலினின் சகோதரி லாரனும் இருந்தார்கள். லாரனை மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் இறக்கிவிட்டு, ஹையானிஸில் நடக்கவிருந்த குடும்பத் திருமணத்துக்குப் போவது திட்டம். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பத்தான் முதலில் நினைத்திருந்தார். தாமதமாகி, பொழுது சாய்ந்த பிறகுதான் விமானம் மேலே ஏறியது.

கனெக்டிகட், ரோட் ஐலண்ட் கரையோரமாக 5,500 அடி உயரத்தில் பறந்தவரைக்கும் சிக்கல் எதுவும் இல்லை. இடப்பக்கம் கரையோர ஊர்களின் விளக்குகள் துணைக்கு இருந்தன. பாயின்ட் ஜூடித் முனையைத் தாண்டியதும் கரையை விட்டு விலகி, ஏறத்தாழ 30 மைல் திறந்த கடலைக் கடக்க வேண்டியிருந்தது. அன்று கோடைக்காலப் புகைமூட்டம் வேறு. சட்டப்படி பறக்கத் தடையில்லாத அளவுக்குப் பார்வைத்தூரம் இருந்தது. ஆனால் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து கருத்துவிட்டன. அதே மாலையில் அந்தத் தீவின் அருகே பறந்த இன்னொரு விமானி கீழே பார்த்தபோது விளக்கே தெரியவில்லை. தீவில் மின்தடையோ என்று அவர் நினைத்ததாக விசாரணை அறிக்கையில் பதிவாகியிருக்கிறது.

ராடார் பதிவு மிச்சக் கதையைச் சொல்கிறது. இறங்கத் தொடங்கிய விமானம் கடைசிச் சில நிமிடங்களில் ஒருமுறை வலப்பக்கம் திரும்பியது, சற்று மேலே ஏறியது, இடப்பக்கம் திரும்பியது, மறுபடி வலப்பக்கம் சாய்ந்தது. அந்தக் கடைசித் திருப்பத்திலிருந்து அது மீளவில்லை. நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் மேலான வேகத்தில் இறங்கி, தீவிலிருந்து சுமார் 7.5 மைல் தொலைவில் கடலில் மோதியது. அப்போது மணி 9.41. உதவி கேட்டு ஒரு சொல்கூட வானொலியில் வரவில்லை. தான் ஆபத்தில் இருப்பது தெரிந்தவன்தானே உதவி கேட்பான்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2000 ஜூலையில் அறிக்கை தந்தது. இரவில் நீரின் மேல் இறங்கும்போது, புலன் மயக்கத்தால் விமானி கட்டுப்பாட்டை இழந்ததே காரணம் என்றது. புகைமூட்டத்தையும் இருண்ட இரவையும் துணைக் காரணிகளாகச் சேர்த்தது.

அவர் கற்றுக்குட்டி என்பதால் நேர்ந்ததல்லவா அது?

அப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வசதியாகத்தான் இருக்கும். கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். உரிமம் வாங்கி ஒன்றே கால் ஆண்டு. மொத்தம் சுமார் 310 மணிநேரப் பறத்தல், அதில் 55 மணிநேரம் இரவில். பகுதிநேரமாகப் பறக்கும் பல தனியார் விமானிகளை ஒப்பிட்டால் இது குறைவே அல்ல. அந்த வழியும் அவருக்குப் புதிதல்ல. விபத்துக்கு முந்தைய 15 மாதங்களில் நியூ ஜெர்சிக்கும் அந்தத் தீவுப் பகுதிக்கும் இடையே சுமார் 35 தடவை பறந்திருக்கிறார்.

உள்ளே நுழைந்து பார்த்தால்தான் ஓட்டை தெரிகிறது. அந்த விமானத்தில் அவர் பறந்தது 36 மணிநேரம். அதில் பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல் பறந்தது சுமார் 3 மணிநேரம். அதிலும் இரவில் பறந்தது ஒரு மணிநேரத்துக்கும் குறைவு. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார், பாதிதான் முடிந்திருந்தது. கணுக்கால் முறிந்து போட்டிருந்த கட்டை முந்தைய நாள்தான் அவிழ்த்திருந்தார்கள். அன்று இரவு உடன் வருவதாகப் பயிற்றுநர் ஒருவர் முன்வந்தார். தனியாகவே போக விரும்புவதாக இவர் சொல்லிவிட்டார்.

அவரை முட்டாள் என்றோ துணிச்சல்காரர் என்றோ எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எத்தனையோ பேர் எத்தனையோ இரவுகளில் இதே முடிவை எடுத்துப் பத்திரமாக வீடு திரும்பியிருக்கிறார்கள். இந்த ஆபத்து நம்மை ஏமாற்றுவதே அந்த வழியில்தான்.

சதி, வெடிகுண்டு என்றெல்லாம் படித்தேனே?

கென்னடி என்ற பெயர் இருக்குமிடத்தில் அதெல்லாம் இல்லாமல் இருக்குமா? விமானத்தின் உடைந்த பகுதிகளைச் சுமார் 120 அடி ஆழத்திலிருந்து மீட்டு ஆராய்ந்தார்கள். மோதலுக்கு முன்பே எஞ்சினோ உடற்பகுதியோ கருவிகளோ பழுதானதற்கு அடையாளம் கிடைக்கவில்லை. வானிலேயே தீப்பிடித்ததற்கும் அடையாளமில்லை. விமானியின் உடலில் மதுவோ போதைப்பொருளோ காணப்படவில்லை.

தான் சாய்ந்திருப்பது ஒருவருக்கு எப்படித் தெரியாமல் போகும்?

நம் சமநிலை உணர்வு மூன்று இடங்களிலிருந்து வருகிறது: கண், உட்செவி, உடம்பின் தசையும் தோலும் உணரும் அழுத்தம். இவற்றில் கண்தான் எஜமான். மற்ற இரண்டும் தவறு செய்யும்போதெல்லாம் கண் திருத்திவிடும். கண்ணுக்குத் தொடுவானம் கிடைக்கவில்லை என்றால் திருத்த ஆளில்லை.

உட்செவியில் அரைவட்டக் குழல்கள் மூன்று இருக்கின்றன. உள்ளே நீர்மம். தலை திரும்பும்போது குழலும் திரும்பும், நீர்மம் சற்றுப் பின்தங்கும், அந்த வித்தியாசத்தை நுண்ணிய மயிர்கள் உணர்ந்து மூளைக்குச் சொல்லும். ஒரு குடம் தண்ணீரைச் சுழற்றிப் பாருங்கள். முதலில் குடம் மட்டும் சுழலும், தண்ணீர் நிற்கும். சிறிது நேரத்தில் தண்ணீரும் குடத்தோடு சேர்ந்துகொள்ளும். காதிலும் அதுதான் நடக்கிறது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் பத்து, இருபது வினாடிகளில் நீர்மம் குழலின் வேகத்தைப் பிடித்துவிடும். அதன் பிறகு திரும்பும் உணர்வே இருக்காது. இன்னும் மெதுவாக, வினாடிக்கு இரண்டு பாகைக்கும் குறைவாகச் சாயத் தொடங்கினால், தொடக்கத்திலிருந்தே எதுவும் தெரியாது.

மோசமான பகுதி இனிமேல்தான் வருகிறது. சாய்வைக் கருவியில் பார்த்துவிட்டு விமானி விமானத்தை நேராக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீர்மம் இப்போது எதிர்த்திசையில் பின்தங்கும். நேராக இருக்கும் விமானம் மறுபக்கம் சாய்வதாக உடம்பு சத்தியம் செய்யும். அந்த உணர்வை நம்பினால் மறுபடி பழைய சாய்வுக்கே திரும்புவார்.

சாய்ந்த விமானம் தானாகவே மூக்கைத் தாழ்த்தி வேகம் பிடிக்கும். உயரம் குறைவதை முள்ளில் பார்த்த விமானி, எல்லோரும் செய்வதுபோல, கட்டுப்பாட்டுச் சக்கரத்தைத் தன்னை நோக்கி இழுப்பார். நேராகப் பறக்கும்போது அது விமானத்தை மேலே தூக்கும். சாய்ந்திருக்கும்போது திருப்பத்தை இறுக்கும், அவ்வளவே. இழுக்க இழுக்கச் சுழல் குறுகும், வேகம் ஏறும். திருப்பத்தின் அழுத்தத்தால் இருக்கையில் அமுக்கப்படும் உடம்போ, ‘மேலே ஏறுகிறோம்’ என்று சொல்லும். எஞ்சின் விசையைக் குறைத்து, முதலில் இறக்கைகளை நேராக்கி, அதன்பின் மூக்கை மெல்ல உயர்த்துவதே மீளும் வழி. தொடுவானம் தெரிந்தால் இதை மாணவன்கூடச் செய்துவிடுவான்.

நான் கவனமாக இருப்பவன். ஏதோ தவறு என்று தெரிந்ததும் சமாளித்துவிட மாட்டேனா?

1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கருவிப் பறத்தலில் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து பறக்கவிட்டார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். 19 பேர் மேலே சொன்ன சுழலுக்குள் போனார்கள். சராசரியாக அவர்கள் தாக்குப்பிடித்தது 178 வினாடிகள். மிகக் குறைவாகத் தாக்குப்பிடித்தவருக்கு 20 வினாடிகளே. அவர்கள் சோதனைக்கென்றே வந்தவர்கள். என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தவர்கள். பக்கத்தில் பயிற்றுநரும் இருந்தார்.

நல்ல செய்தியும் அதே ஆய்வில்தான் உண்டு. சில மணிநேரம் கருவிப் பயிற்சி கொடுத்தபின், அதே ஆட்கள் விமானத்தைத் திருப்பி, வந்த வழியே பத்திரமாகக் கொண்டுவரக் கற்றுக்கொண்டார்கள். தனியார் உரிமத்துக்கு இன்று கொஞ்சம் கருவிப் பயிற்சி கட்டாயமாக இருப்பது இதனால்தான். ஆனால் எப்போதோ கற்றதும் நேற்று பயின்றதும் ஒன்றல்ல. இந்தத் திறமை மாதக்கணக்கில் தொடாமல் விட்டால் போய்விடும்.

வானம் தெளிவாக இருந்தால்? நட்சத்திரங்களும் படகு விளக்குகளும் உதவாதா?

முழுநிலவு, தெளிந்த வானம் என்றால் நிலைமையே வேறு. கடல் வெள்ளியாக மின்னும், தொடுவானம் கோடு போட்டதுபோல் தெரியும். நிலவின் கட்டத்தையும் அது உதிக்கும், மறையும் நேரத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பும் விமானிகள் உண்டு. புத்திசாலிகள். கென்னடி பறந்த இரவில் தாழ்வான பிறைதான் இருந்தது.

நிலவில்லாத தெளிந்த இரவில் விளக்குகள் உதவுவதைவிட ஏமாற்றுவது அதிகம். மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் நட்சத்திரங்களோடு கலந்து, எது வானம் எது கடல் என்று பிரிக்க முடியாமல் போகும். சாய்வாக ஓடும் கரையோர விளக்கு வரிசையைத் தொடுவானம் என்று எண்ணி விமானத்தை அதற்கு இணையாகச் சாய்த்தவர்கள் உண்டு. இருட்டில் ஒற்றை விளக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், அசையாத அந்த விளக்கு சில வினாடிகளில் நகர்வதுபோல் தோன்றும். கலங்கரை விளக்கை எதிரே வரும் விமானம் என்று எண்ணி விலகுவதும் இப்படித்தான் நடக்கிறது.

கண்ணே இரவில் பலவீனமான கருவி. இருட்டுக்கு முழுமையாகப் பழக அரைமணி நேரம் வேண்டும். வரைபடம் பார்க்க ஒரு வெள்ளை விளக்கைப் போட்டால் அத்தனையும் போச்சு. ஆக்சிஜன் சற்றுக் குறைந்தாலே முதலில் அடிவாங்குவது இரவுப்பார்வைதான். அதனால் இரவில் 5,000 அடிக்கு மேல் கூடுதல் ஆக்சிஜன் பயன்படுத்துவது நல்லது என்று அமெரிக்க விமானத் துறை பரிந்துரைக்கிறது.

கிளம்பும்போதும் இறங்கும்போதும் என்ன ஆபத்து?

இரண்டிலும் தனித்தனி மயக்கம் காத்திருக்கிறது. ஓடுபாதையின் முனையிலிருந்தே கடல் தொடங்கும் விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலெழும்பும்போது விமானம் வேகமெடுக்கிறது, உடம்பு இருக்கையில் பின்னோக்கி அழுத்தப்படுகிறது. பின்னால் சாய்வதும் பின்னோக்கி அழுத்தப்படுவதும் உட்செவிக்கு ஒன்றுபோலத்தான். மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்துவிட்டதாக விமானி உணர்கிறார், கீழே தள்ளுகிறார். முன்னால் இருட்டு மட்டுமே இருந்தால் அந்தத் தவறைக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. 2000 ஆகஸ்ட் 23 இரவு, பஹ்ரைனில் இறங்க முடியாமல் மறுபடி மேலெழுந்த கல்ஃப் ஏர் ஏர்பஸ் ஏ320 கடலில் விழுந்து 143 பேரும் இறந்ததில் இந்த மயக்கத்துக்குப் பங்குண்டு. அது தொழில்முறை விமானிகள் இருவர் இருந்த பயணிகள் விமானம்.

இறங்கும்போது வருவது கண்ணின் மயக்கம். இருண்ட கடலுக்கு அப்பால் ஓடுபாதை விளக்குகள் மட்டும் தெரிகின்றன. நடுவே ஒளிப்புள்ளி ஏதும் இல்லை. அந்நிலையில் விமானம் இருக்கவேண்டியதைவிட உயரத்தில் இருப்பதாகக் கண் நம்பும். விமானி இன்னும் இறக்குவார். 1960-களில் போயிங் நிறுவனத்தின் உளவியலாளர் கான்ராட் கிராஃப்ட் இதைச் சிமுலேட்டரில் சோதித்தபோது, அனுபவம் மிகுந்த விமானிகளே பெரும்பாலும் ஓடுபாதைக்கு முன்பாகவே தரையில் மோதினார்கள். ஓடுபாதையோரம் இறங்குகோணத்தைக் காட்டும் வெள்ளை, சிவப்பு விளக்குகள் இருந்தால் கண்ணை விட்டுவிட்டு அவற்றை நம்ப வேண்டும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான பாதை. நான்கும் சிவந்தால் மிகத் தாழ்வாக இருக்கிறீர்கள்.

கருவியே பொய் சொன்னால்?

அப்படியும் நடந்திருக்கிறது, பம்பாயில். 1978 ஜனவரி 1 இரவு, துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் ‘எம்பரர் அசோகா’ போயிங் 747 அரபிக்கடலின் மேல் சென்று ஒரு திருப்பம் எடுத்தது. திருப்பம் முடிந்ததும் தலைமை விமானியின் முன்னிருந்த செயற்கைத் தொடுவானக் கருவி, விமானம் இன்னும் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகக் காட்டியது. விமானம் உண்மையில் நேராக இருந்தது. அவர் அதை ‘நேராக்க’ இடப்பக்கம் சாய்த்தார், மேலும் சாய்த்தார். மேலெழுந்து 101 வினாடிகளில் பாந்திரா கரைக்கு அப்பால் கடலில் விழுந்து 213 பேரும் இறந்தார்கள். துணை விமானியின் கருவியும் மாற்றுக் கருவியும் சரியாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தன. பகலாக இருந்திருந்தால் ஜன்னலைப் பார்த்தே புரிந்திருக்கும்.

ஒரு கருவியை மட்டும் நம்பாதே, மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார் என்று கருவிப் பயிற்சியில் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். ஒற்றை விமானி ஓட்டும் சிறு விமானத்தில் ஒப்பிட இன்னொரு ஜோடிக் கண்களும் இல்லை.

கால்பந்து வீரர் எமிலியானோ சாலா இறந்ததும் இதே காரணத்தாலா?

ஓரளவு. 2019 ஜனவரி 21 மாலை, பிரான்சின் நான்டிலிருந்து வேல்ஸின் கார்டிஃபுக்குப் புதிய அணியில் சேரக் கிளம்பிய சாலா, பைப்பர் மாலிபு என்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் பயணம் செய்தார். ஆங்கிலக் கால்வாயின் மேல், இருட்டில், கெர்ன்சி தீவுக்கு அருகே விமானம் மறைந்தது. மேகத்தைத் தவிர்க்கக் கையால் திருப்பியபோது விமானி கட்டுப்பாட்டை இழந்திருக்கலாம் என்றும், தாங்கும் அளவை மீறிய வேகத்தில் விமானம் வானிலேயே உடைந்தது என்றும் பிரிட்டனின் விமான விபத்துப் புலனாய்வுக் கிளை 2020-இல் அறிக்கை தந்தது. அந்த விமானிக்கு இரவுப் பறத்தல் தகுதி இல்லை. பணத்துக்குப் பயணிகளை ஏற்றிச்செல்லும் உரிமமும் இல்லை.

இன்னொரு கண்டுபிடிப்பு கூடுதல் அதிர்ச்சி தந்தது. சாலாவின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் 58 சதவீதத்தைக் கார்பன் மோனாக்சைடு பிடித்திருந்தது. எஞ்சின் புகை வெப்பமூட்டும் குழாய் வழியாக உள்ளே கசிந்திருக்கக்கூடும், விமானியும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றார்கள். மணமற்ற இந்த வாயு முதலில் மந்தமாக்குவது யோசிக்கும் திறனை. குளிர்கால இரவில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு பறப்பவர்கள் ஒலியெழுப்பும் கார்பன் மோனாக்சைடு கருவி ஒன்றை வைத்துக்கொள்ளாமல் இருப்பது எனக்குப் புரியாத விஷயம். அதன் விலை ஒருமுறை எரிபொருள் நிரப்பும் செலவைவிடக் குறைவு. பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 2021-இல் 18 மாதச் சிறை விதிக்கப்பட்டது.

சட்டம் இதை எப்படி அனுமதிக்கிறது?

நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் சாதாரணத் தனியார் உரிமத்தோடு, கருவித் தகுதி இல்லாமலே, இரவில் பறக்கலாம். உரிமப் பயிற்சியில் 3 மணிநேர இரவுப் பறத்தல் அடக்கம். பயணிகளை ஏற்ற வேண்டுமானால் கடந்த 90 நாள்களில் மூன்று தடவை இரவில் கிளம்பி இறங்கியிருக்க வேண்டும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் இரவுத் தகுதி என்று தனியாக வாங்க வேண்டும். இந்தியாவில் பார்வை விதிகளின்படி, அதாவது வெளியே கண்ணால் பார்த்துப் பறக்கும் முறையில், சூரியன் மறைந்தபின் பறப்பதற்குப் பொதுவாக அனுமதியே இல்லை. விமான நிலையத்தைச் சுற்றிய பறத்தல், பறத்தல் சங்கங்களின் பயிற்சி போன்றவற்றுக்கு மட்டும் கட்டுப்பாட்டு நிலையம் விலக்குத் தரலாம்.

அமெரிக்க விதியில் ஒரு வினோதம் இருக்கிறது. பார்வைத்தூரம் இத்தனை மைல், மேகத்திலிருந்து இத்தனை அடி தள்ளி என்றுதான் அது அளக்கிறது. தொடுவானம் தெரிகிறதா என்று கேட்பதில்லை. பத்து மைல் பார்வைத்தூரம் இருந்தும் அந்தப் பத்து மைலில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத கடலைப் பார்வை விதிகளின்படி கடக்கலாம். காகிதத்தில் சட்டபூர்வம். காக்பிட்டில் மேகத்துக்குள் பறப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. என்னைக் கேட்டால், நிலவில்லாத இரவில் கரை விளக்கை விட்டு விலகும் பறத்தல் எதையும் கருவிப் பறத்தலாகவே நடத்த வேண்டும்.

ஆட்டோபைலட்டும் புதிய திரைகளும் வந்தபின் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டதல்லவா?

குறைந்திருக்கிறது. அகலமான திரையில் செயற்கைத் தொடுவானத்தை நிலம், கடல், மலையோடு வரைந்து காட்டும் வசதி உண்மையிலேயே பெரிய உதவி. பொத்தானை அழுத்தினால் விமானத்தைத் தானே நேராக்கும் ஆட்டோபைலட்டும் பல புதிய விமானங்களில் உண்டு. கென்னடியின் விமானத்திலும் ஆட்டோபைலட் இருந்தது. பழுதில்லாத ஆட்டோபைலட் உள்ள விமானத்தில் இருந்துகொண்டு கையால் போராடித் தோற்றவர்கள் பலர். மயக்கம் வந்தபின் பொத்தானைத் தேடுவது சுலபமல்ல. கரையை விட்டு விலகுவதற்கு முன்பே அதை இயக்கிவிட வேண்டும்.

சரி, எஞ்சின் நின்றேவிட்டது. என்ன நடக்கும்?

விமானம் கல்லாக விழாது, சறுக்கிக்கொண்டே இறங்கும். செஸ்னா 172 போன்ற விமானம் ஓர் அடி இறங்குவதற்குள் சுமார் ஒன்பது அடி முன்னே போகும். 5,500 அடி உயரத்தில் எஞ்சின் நின்றால் காற்றில்லாத நிலையில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் கிடைக்கும். கரை அதற்குள் இருந்தால் பிழைத்தீர்கள். கடலைக் கடக்கும்போது இயன்ற அளவு உயரத்தில் பற என்று பழைய விமானிகள் சொல்வது இந்தக் கணக்கால்தான். உயரத்துக்குச் செலவு கொஞ்சம் எரிபொருள்தான்.

கரை எட்டாது என்றால் தண்ணீரில்தான் இறங்க வேண்டும். பகலில் அலையின் போக்கைப் பார்த்து, பெரிய அலைகளுக்கு இணையாக, மெதுவான வேகத்தில் இறக்கலாம். அப்படி இறங்கியவர்களில் பெரும்பாலோர் விமானத்தை விட்டு உயிரோடு வெளியே வந்திருக்கிறார்கள். இரவில் அலையும் தெரியாது, நீர்மட்டமும் தெரியாது. தரையில் இரவு அவசர இறக்கத்தைப் பற்றி விமானிகளிடையே ஒரு கறுப்பு நகைச்சுவை உண்டு: ‘விளக்கைப் போட்டுப் பார், கீழே இருப்பது பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிடு.’ கடலில் விளக்கைப் போட்டாலும் பெரிதாக எதுவும் தெரியாது.

கப்பலோ மீன்பிடிப் படகோ கண்ணில் பட்டால் அதன் அருகே, அது போகும் திசையில் சற்று முன்னால் இறங்குவது புத்திசாலித்தனம். இறங்குமுன் வானொலியில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். கதவைத் தாழ் நீக்கி, மூடிவிடாதபடி எதையாவது செருகி வைக்க வேண்டும். மோதலில் சட்டகம் நெளிந்தால் பிறகு கதவு திறக்காது. சக்கரங்களை உள்ளிழுக்கும் வகை விமானம் என்றால் அவற்றை உள்ளேயே விட்டுவிட வேண்டும். வெளியே நீட்டிய சக்கரம் நீரில் பட்டதும் விமானத்தைக் கவிழ்த்துவிடும்.

இரண்டு எஞ்சின் இருந்தால்?

எஞ்சின் பயத்துக்கு நல்ல மருந்து. புலன் மயக்கத்துக்கு மருந்தே அல்ல. ஒரு பக்க எஞ்சின் நின்று விமானம் ஒருபுறமாக இழுக்கும்போது தொடுவானமும் தெரியவில்லை என்றால், பயிற்சி குறைந்தவருக்கு அது ஒற்றை எஞ்சினைவிட மோசமான நிலை.

தண்ணீரில் விழுந்தபின் பிழைக்க என்ன வேண்டும்?

லைஃப் ஜாக்கெட்டை அணிந்தே விமானத்தில் ஏற வேண்டும். பின்னிருக்கைக்கு அடியில் பையில் மடித்து வைத்திருப்பது இருட்டில், தண்ணீர் நிறையும் காக்பிட்டில், தலைகீழாக உபயோகப்படாது. அமெரிக்காவில் வாடகைக்கு ஓட்டாத சிறு விமானத்துக்கு அதை எடுத்துச் செல்லும் கட்டாயம்கூட இல்லை. சட்டம் கேட்காததால் வாங்காதவர்கள் நிறையப் பேர்.

வாங்கினால் விமானத்துக்கான வகையை வாங்குங்கள். படகில் அணியும், தண்ணீர் பட்டதும் தானாக ஊதிக்கொள்ளும் வகை விமானத்துக்குள் எமன். நீர் புகுந்ததும் ஊதி, உங்களைக் கூரையோடு அழுத்திவிடும், கதவுக்கு நீந்திப் போக முடியாது. 1996 நவம்பரில் கடத்தப்பட்டு, எரிபொருள் தீர்ந்து, கொமொரோ தீவுகளின் கரையோரம் கடலில் இறங்கிய எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானத்தில் 125 பேர் இறந்தார்கள். அவசரப்பட்டு உள்ளேயே ஜாக்கெட்டை ஊதிக்கொண்டு சிக்கியவர்கள் அவர்களில் உண்டு. வெளியே வந்தபின்தான் நாடாவை இழுக்க வேண்டும்.

அதன்பின் கடலின் குளிர்தான் எதிரி. வட அட்லாண்டிக் போன்ற இடங்களில் மீட்பாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: திணறும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க பத்து நிமிடம், நினைவு தப்பச் சுமார் ஒரு மணிநேரம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் மிதவைப்படகில் ஏறிவிட வேண்டும். விமானத்தில் பொருத்திய அவசர ஒலிபரப்பி விமானத்தோடு மூழ்கிவிடும், நீருக்கடியிலிருந்து செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை போகாது. எனவே உடம்பில் மாட்டிக்கொள்ளும் 406 மெகாஹெர்ட்ஸ் தனிநபர் ஒலிபரப்பியும், ஒளிரும் விளக்கு ஒன்றும் வேண்டும். அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலையைப் பகலில் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

இவ்வளவு தெரிந்தும் ஏன் பறக்கிறார்கள்?

இரவில் காற்று அமைதியாக இருக்கும், வானொலியில் கூட்டமிருக்காது, எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும். பறப்பவர்கள் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பிரகாசம் தெரியும், பொய்யில்லை. ஆனால் விபத்தில் முடிந்த பயணங்களைப் பார்த்தால், பல இரவுப் பயணமாகத் திட்டமிடப்பட்டவையே அல்ல. அலுவலகத்தில் தாமதம், சாலையில் நெரிசல், யாரோ வரவில்லை. மாலை ஆறு மணிப் பயணம் எட்டரைக்கு நகர்கிறது. மறுநாள் கல்யாணம். ‘எத்தனையோ தடவை போன வழிதானே.’

நண்பர் தன் விமானத்தில் தீவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறார், கிளம்புவது இருட்டியபின். பயணியாக நான் என்ன கேட்கலாம்?

கருவித் தகுதி இருக்கிறதா, கடைசியாக எப்போது கருவியை மட்டும் பார்த்துப் பறந்தீர்கள் என்று கேளுங்கள். இன்று நிலவு உண்டா என்று கேளுங்கள். இதற்கு யோசிக்காமல் பதில் வந்தால் அவர் வேலை தெரிந்தவர். கரையோரமாகச் சுற்றிப் போகும் வழி இருக்கிறதா, எத்தனை நிமிடம் அதிகமாகும் என்று கேளுங்கள். ஜாக்கெட்டை இப்போதே போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். கோபித்துக்கொள்பவரோடு போகாதீர்கள்.

காலையில் கிளம்பினால் என்ன குறை என்றும் கேட்டுவிடுங்கள். மார்த்தாஸ் வின்யார்டுக்கு உட்ஸ் ஹோலிலிருந்து கப்பல் உண்டு, 45 நிமிடத்தில் கொண்டுபோய்விடும். ஏறுவதாகவே முடிவு செய்தால், உட்கார்ந்ததும் கதவுப்பிடி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை திறந்து பாருங்கள்.